ஓர் ஊரின் பட்டியல் ஓரிடத்தில் மட்டும் இருக்கலாமா? ஒரே கட்டமைப்புள்ள தரவுத்தளங்களைப் பிரதி செய்யும் வழி

போருக்குப் பிந்திய எங்கள் ஊர்களில் பட்டியல்களுக்குக் குறைவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பட்டியல், கொல்லப்பட்டவர்களின் பட்டியல், விடுவிக்கப்படாத காணிகளின் பட்டியல், இடம்பெயர்ந்து திரும்பாத குடும்பங்களின் பட்டியல் என்று சங்கங்களிலும் சனசமூக நிலையங்களிலும் கோயில் அலுமாரிகளிலும் அவை இருக்கின்றன. கடந்த சில ஆண்டுகளில் இவற்றில் பல கொப்பியிலிருந்து மடிகணினிக்கு மாறிவிட்டன. மாறியதும் "கொம்பியூட்டரில ஏத்தியாச்சு" என்ற நிம்மதியும் வந்துவிடுகிறது. ஆனால் ஒரு மடிகணினியில் மட்டும் இருக்கும் பட்டியல், ஓர் அலுமாரியில் மட்டும் இருந்த கொப்பியைவிடப் பாதுகாப்பானதல்ல. கறையான் அரிக்க ஆண்டுகள் எடுக்கும். வன்தட்டு பழுதாக ஒரு நொடி போதும்.

நான் தரவுத்தள வேலை செய்பவன். வலிகாமம் கிழக்கில் உள்ள புத்தூரில் இருந்து எழுதுகிறேன். ஒரே படிவத்தில் பல ஊர்களில் சேர்க்கப்பட்ட பதிவுகளை, ஒரு வரியும் தவறாமல், எந்த ஊரில் இருந்து வந்தது என்ற அடையாளமும் அழியாமல் இன்னோரிடத்துக்குப் பிரதி செய்வது எப்படி என்பதே இக்கட்டுரை. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பவியல் படித்த ஒரு பிள்ளை உங்கள் ஊரில் இருந்தால் இதைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தொழில்நுட்பம் தெரியாதவர்களும் தங்கள் சங்கத்தின் கணினிக்காரரிடம் என்ன கேட்கவேண்டும் என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

உறுதிக்கு மூன்று பிரதி

1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றில் அச்சு நூல்கள் பலவற்றுக்கு வேறிடங்களில் பிரதிகள் இருந்தன. ஒரேயொரு பிரதியாக இருந்த ஏட்டுச் சுவடிகளும் கையெழுத்துப் படிகளும்தான் திரும்பவே கிடைக்காதவை. 2005 இல் நூலகம் இணையத்தளத்தைத் தொடங்கியவர்கள் ஈழத்து நூல்களை மின்வடிவமாக்கி எல்லோருக்கும் திறந்துவிட்டதன் பெறுமதி இங்கேதான் புரியும்.

1995 ஒக்ரோபர் 17 இல் தொடங்கிய இராணுவ நடவடிக்கை வலிகாமம் கிழக்கு ஊர்களூடாக முன்னேறியது. ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் போனது. கையில் எடுத்தது கொஞ்சம், வீட்டில் விட்டது மிச்சம். திரும்பி வந்தபோது பலரிடம் காணி உறுதி இல்லை. ஆனாலும் உறுதி தொலைந்த அத்தனை பேருக்கும் காணி தொலைந்துவிடவில்லை. நொத்தாரிசு ஓர் உறுதியை முடிக்கும்போது மூலப் பிரதி உரிமையாளரிடம் போகிறது, ஒரு பிரதி நொத்தாரிசின் கோவையில் தங்குகிறது, இன்னொன்று மறுமாதம் காணிப் பதிவகத்துக்குப் போகிறது. மூன்றிலும் ஒரே வாசகம், ஒரே இலக்கம், ஒரே திகதி. ஓரிடம் அழிந்தாலும் மற்ற இடத்தில் இருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

எங்கள் பட்டியல்களுக்கும் தேவைப்படுவது இதுதான். ஒரே கட்டமைப்பில் பல பிரதிகள் வேண்டும், ஒவ்வொன்றும் வெவ்வேறு கையில் இருக்கவேண்டும்.

ஐந்து ஊர், அறுபது கட்டளை

விளக்கத்துக்காக ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். புத்தூர், ஆவரங்கால், நவக்கிரி, சிறுப்பிட்டி, வாதரவத்தை ஆகிய ஐந்து ஊர்களில் உள்ள குழுக்கள் ஒரே படிவத்தை வைத்துக் காணாமல் ஆக்கப்பட்டோர் விபரங்களைப் பதிகின்றன. ஒவ்வொரு குழுவுக்கும் சொந்தத் தரவுத்தளம். எல்லாவற்றிலும் ஒரே பெயர்களில் பன்னிரண்டு அட்டவணைகள்: ஆட்கள், சம்பவங்கள், ஆவணங்கள், முறைப்பாடுகள் என்று. மென்பொருள் மைஎஸ்கியூஎல். இலவசம், சிறிய மடிகணினியிலும் ஓடும், அட்டவணைக்கும் புலத்துக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

புத்தூர் தரவுத்தளத்தில் உள்ள ஆட்கள் அட்டவணையைப் பிரதிக்குக் கொண்டுபோகும் கட்டளை இப்படி இருக்கும். கட்டளைச் சொற்களை ஒலிபெயர்த்துத் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டவேண்டும்.

இன்சேர்ட் இன்டு பிரதி.ஆட்கள் (இலக்கம், பெயர், பிறந்த_ஆண்டு) செலெக்ட் இலக்கம், பெயர், பிறந்த_ஆண்டு ஃபுரொம் புத்தூர்.ஆட்கள்

"புத்தூரின் ஆட்கள் அட்டவணையில் இந்த மூன்று புலங்களையும் எடுத்து, பிரதியின் ஆட்கள் அட்டவணையில் அதே மூன்று புலங்களில் இடு" என்பது பொருள். இதில் கடினம் எதுவுமில்லை. ஆனால் பன்னிரண்டு அட்டவணை, ஐந்து ஊர் என்றால் அறுபது கட்டளைகள். ஒவ்வொன்றிலும் இருபது, முப்பது புலப் பெயர்கள். கையால் எழுதினால் எங்கோ ஒரு புலம் விடுபடும். அடுத்த ஆண்டு படிவத்தில் ஒரு கேள்வி கூடினால் அறுபதையும் திருத்தவேண்டும். ஆறாவது ஊர் சேர்ந்தால் இன்னும் பன்னிரண்டு. இங்கேதான் இயங்குநிலை எஸ்கியூஎல் உதவிக்கு வருகிறது.

கட்டளையை எழுதும் கட்டளை

கிராம அலுவலரின் அத்தாட்சிப் படிவத்தை நினைத்துப் பாருங்கள். கீறிட்ட இடத்தில் யாருடைய பெயரையும் நிரப்பலாம். படிவத்தின் தலைப்பில் உள்ள பிரிவின் பெயரை அப்படி மாற்ற முடியாது. வேறு பிரிவுக்கு வேறு தலைப்போடு புதிதாக அடிக்கவேண்டும். எஸ்கியூஎல் கட்டளையும் அப்படித்தான். ஒருவரின் பெயர், வயது, திகதி போன்ற பெறுமானங்களைக் கேள்விக்குறி போட்ட வெற்றிடத்தில் நிரப்பலாம். தரவுத்தளத்தின் பெயரையோ அட்டவணையின் பெயரையோ புலத்தின் பெயரையோ வெற்றிடமாக விடமுடியாது. அவை கட்டளை எழுதப்படும்போதே தெரிந்திருக்கவேண்டும்.

அதனால் முழுக் கட்டளையையும் முதலில் வெறும் எழுத்துச் சரமாகக் கட்டிக்கொள்கிறோம். "இன்சேர்ட் இன்டு" என்ற சொல்லோடு பிரதியின் பெயரை ஒட்டி, அட்டவணையின் பெயரை ஒட்டி, புலங்களை ஒட்டி, கடைசியில் ஊரின் பெயரை ஒட்டினால் ஒரு கட்டளை பிறக்கிறது. அதைக் கணினியிடம் கொடுத்து "இதை ஆயத்தம் செய், ஓட்டு, விடுவி" என்கிறோம். மைஎஸ்கியூஎல்லில் இந்த மூன்றுக்கும் பிரிப்பெயார், எக்ஸிகியூட், டீஅலொகேட் என்று பெயர். கட்டளையை எழுதும் இந்த வழிதான் இயங்குநிலை எஸ்கியூஎல். ஒரக்கிள், போஸ்ட்கிரஸ், எஸ்கியூஎல் சேர்வர் எல்லாவற்றிலும் இது உண்டு. சொற்கள் மட்டும் மாறும்.

புலப் பெயர்களை எங்கிருந்து எடுப்பது? ஒவ்வொரு தரவுத்தள மென்பொருளும் தன் உள்ளடக்கம் பற்றிய ஓர் அட்டவணையை வைத்திருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் அது இன்ஃபர்மேஷன் ஸ்கீமா. எந்தத் தரவுத்தளத்தில் எந்த அட்டவணை, அதில் என்ன புலங்கள், என்ன வகை, என்ன ஒழுங்கு என்பதெல்லாம் அங்கே இருக்கும். அதைக் கேட்டுப் புலப் பெயர்களைக் காற்புள்ளியால் கோத்தெடுத்தால், படிவத்தில் கேள்வி கூடினாலும் குறைந்தாலும் கட்டளை தானாகவே சரியாக அமையும்.

படிமுறை

முதலாவது, ஊர்களின் மடிகணினிகள் வெவ்வேறு இடங்களில் இருப்பதால் அவற்றை ஓரிடத்துக்குக் கொண்டுவரவேண்டும். மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற கருவியால் ஒவ்வோர் ஊரின் தரவுத்தளத்தையும் ஒரு கோப்பாக எடுத்து, பிரதான கணினியில் அந்தந்த ஊரின் பெயரிலேயே மீட்டெடுங்கள். ஒரே சேர்வரில் இருக்கும் தரவுத்தளங்களுக்கிடையேதான் மேலே சொன்ன கட்டளை வேலை செய்யும்.

இரண்டாவது, "ஒரே கட்டமைப்பு" என்று நம்புவதைச் சோதியுங்கள். ஐந்து ஊர்களின் புலப் பட்டியல்களையும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் இருந்து எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். பெயர், வகை, நீளம், எழுத்துக் குறிமுறை நான்கும் பொருந்தவேண்டும். எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் வசதிக்காக ஒரு புலம் கூட்டியிருப்பார். வேறுபாடு இருந்தால் பிரதி செய்யத் தொடங்கவே கூடாது. முதலில் ஊரோடு பேசித் தீர்க்கவேண்டும். புலங்களின் பெயரைச் சொல்லாமல் நட்சத்திரக் குறி போட்டு "எல்லாவற்றையும் எடு" என்று எழுதுவோர் உண்டு. இரண்டு தரவுத்தளங்களில் புலங்களின் ஒழுங்கு மாறியிருந்தால் தகப்பனின் பெயர் காணாமல் போனவரின் இடத்தில் போய் உட்காரும். கணினி முறையிடாது. இரண்டும் எழுத்துதானே.

மூன்றாவது, ஒரு கட்டுப்பாட்டு அட்டவணை வையுங்கள். அதில் ஊர்களின் பெயர்கள், அட்டவணைகளின் பெயர்கள், எதை முதலில் பிரதி செய்வது என்ற வரிசை இலக்கம். ஆட்கள் அட்டவணை முன்னே, அவர்களைச் சுட்டும் சம்பவங்கள் பின்னே. அந்நியச் சாவி உள்ள அட்டவணைகளில் தாய் முதலில், பிள்ளை பிறகு. அந்நியச் சாவிச் சோதனையை நிறுத்திவிட்டு ஏற்றுவதும் ஒரு குறுக்குவழி. ஆனால் சோதனையைத் திரும்ப இயக்கும்போது ஏற்கெனவே ஏறிய வரிகளை மைஎஸ்கியூஎல் மறுபடி சோதிப்பதில்லை. ஆளில்லாத சம்பவங்கள் உள்ளே தங்கிவிடும்.

நான்காவது, ஒரு சேமித்த செயன்முறை, அதாவது ஸ்டோர்ட் புரொசீஜர், அந்தக் கட்டுப்பாட்டு அட்டவணையை ஒவ்வொரு வரியாக வாசித்து, கட்டளையைக் கட்டி, ஓட்டவேண்டும். சேமித்த சார்பிலும் தூண்டியிலும், அதாவது ஃபங்ஷனிலும் டிரிகரிலும், மைஎஸ்கியூஎல் இயங்குநிலை எஸ்கியூஎல்லை அனுமதிக்காது. செயன்முறைதான் வழி.

ஐந்தாவது, ஓர் ஊரின் பன்னிரண்டு அட்டவணைகளையும் ஒரே பரிவர்த்தனைக்குள் செய்யுங்கள். ஒன்பதாவதில் மின்சாரம் போனால் முதல் எட்டும் பின்வாங்கப்படவேண்டும். அரைகுறைப் பிரதி முழுப் பிரதிபோலத் தோற்றமளிப்பதுதான் ஆபத்து. இதற்கு அட்டவணைகள் இன்னோடிபி வகையாக இருக்கவேண்டும். பழைய மைஐசாம் வகைக்குப் பரிவர்த்தனை கிடையாது. அட்டவணையை ஒரேயடியாக வெறுமையாக்கும் டிரங்கேட் கட்டளையைப் பரிவர்த்தனைக்குள் போடவும் கூடாது. அது அதுவரை செய்த எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே நிலைப்படுத்திவிடும்.

சத்தமில்லாமல் தவறும் இடங்கள்

பிழை என்று கத்தும் தவறுகளைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. எவராவது பார்த்துத் திருத்துவார். சத்தமில்லாமல் தவறுபவைதான் ஒரு மனிதரைப் பட்டியலில் இருந்து இரண்டாம் தடவை காணாமல் ஆக்குபவை. அப்படி நான்கு இடங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, நீள எல்லை. புலப் பெயர்களைக் கோத்தெடுக்கும் குரூப்கொன்கட் என்ற சார்புக்கு மைஎஸ்கியூஎல்லில் இயல்பான எல்லை 1024 பைட். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூனிகோட் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் எடுக்கும். புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனிக் குறிகள். ஆக ஏறத்தாழ 340 குறிகளோடு பட்டியல் அறுந்துவிடும். வருவது எச்சரிக்கை மட்டுமே. பெயரின் நடுவில் அறுந்தால் கட்டளை ஓடாது, தெரிந்துவிடும். ஒரு பெயரின் முடிவில் அறுந்தால் கட்டளை ஒழுங்காக ஓடும், கடைசிப் புலங்கள் மட்டும் பிரதிக்குப் போகா. வேலை தொடங்குமுன் இந்த எல்லையைப் பத்து இலட்சமாக உயர்த்துங்கள். மரியாடிபி 10.2.4 பதிப்பில் இருந்து எல்லை பெரிதாக்கப்பட்டுவிட்டது. எதுவானாலும் கோத்த பெயர்களின் எண்ணிக்கையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இரண்டு, இலக்கம். ஒவ்வோர் ஊரும் 1 இல் இருந்து தொடங்குகிறது. புத்தூரின் 37 வேறு ஆள், நவக்கிரியின் 37 வேறு ஆள். இரண்டையும் ஒரே அட்டவணையில் இட்டால் முதன்மைச் சாவி மோதும். மோதும்போது பிழை வரவேண்டும் என்பதுதான் முறை. சிலர் பிழை வராமல் இருக்க இன்சேர்ட் என்ற சொல்லுக்குப் பின் இக்னோர் என்று சேர்ப்பார்கள். பிழை போய்விடும், நவக்கிரியின் 37 உம் போய்விடும். ரிப்ளேஸ் கட்டளை இன்னும் மோசம். புத்தூரின் 37 ஐ அழித்துவிட்டு நவக்கிரிக்காரரை அந்த இடத்தில் வைக்கும்.

மூன்று, எழுத்துரு. எங்கள் பக்கத்தில் பழைய பதிவுகள் பல பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. எழுத்துருவைக் கழற்றினால் அவை ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற கூட்டம். கட்டமைப்பை ஒப்பிடும் எந்தச் சோதனையும் இதைக் கண்டுபிடிக்காது. ஒரே புலம், ஒரே வகை, உள்ளே இருப்பது மட்டும் வேறு மொழி. பிரதி செய்யுமுன் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஊர்க்காரர் ஒருவர் கண்ணால் வாசித்துச் சரிபார்க்கவேண்டும். பழைய லத்தீன் குறிமுறையில் அமைந்த அட்டவணைக்குள் தமிழை ஏற்றினால், கண்டிப்பு முறை இயக்கத்தில் இல்லாதபோது பெயர்கள் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். அதிலிருந்து மீட்க வழியில்லை. எல்லா அட்டவணைகளுக்கும் யூடிஎஃப்-8 எம்பி4 என்பதை முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு, அழிவையும் பிரதி செய்தல். புத்தூர்க் கணினியில் யாரோ தவறுதலாக நூறு வரிகளை அழித்துவிட்டார் என்று வையுங்கள். அன்றிரவு பழைய பிரதியை வெறுமையாக்கிப் புதிதாக ஏற்றினால் பிரதியிலும் அந்த நூறு பேர் இல்லை. ஆகவே புதிய பிரதி பழையதன் மேல் ஏறக்கூடாது. மாதமும் ஆண்டும் சேர்த்துப் பெயரிட்ட புதிய தரவுத்தளத்தில் ஏறவேண்டும். ஆண்டுக்குப் பன்னிரண்டு பிரதிகள் இருந்தாலும் எழுத்துப் பதிவுகளுக்கு இடம் பெரிதாகத் தேவைப்படாது.

மூலத்தைச் சொல்லும் ஒரு புலம்

ஊர்களைத் தனித்தனியாகப் பிரதி எடுத்த பிறகே எல்லாவற்றையும் ஒன்றுதிரட்டும் வேலை வரவேண்டும். திரட்டில் ஒரு புலம் கூடுதலாக இருக்கும். அதன் பெயர் மூலம். எந்த ஊரின் தரவுத்தளத்தில் இருந்து வந்தது என்பது அதில் பதியும். முதன்மைச் சாவி இனி வெறும் இலக்கமல்ல, மூலமும் இலக்கமும் சேர்ந்த சோடி. புத்தூர்-37, நவக்கிரி-37 இரண்டும் மோதாமல் பக்கத்தில் இருக்கும். சம்பவங்கள் அட்டவணையில் இருந்து ஆளைச் சுட்டும் அந்நியச் சாவியும் சோடியாகவே இருக்கவேண்டும்.

இயங்குநிலைக் கட்டளையில் ஊரின் பெயர் இரண்டு வேடத்தில் வருவதைக் கவனியுங்கள். எந்தத் தரவுத்தளத்தில் இருந்து என்று சொல்லும்போது அது பெயர், சரத்தில் ஒட்டப்படவேண்டும். மூலம் புலத்தில் இடும்போது அது பெறுமானம், கேள்விக்குறி வெற்றிடத்தில் நிரப்பப்படவேண்டும். இந்த வேறுபாடு விளங்கினால் இயங்குநிலை எஸ்கியூஎல்லில் பாதி விளங்கியது மாதிரி.

திரட்டிய பிறகு ஒரே ஆள் இரண்டு ஊர்ப் பட்டியலில் இருப்பது தெரியவரும். தாய் புத்தூரில் பதிந்திருப்பார், மனைவி சிறுப்பிட்டியில் பதிந்திருப்பார். "ஒன்றை அழித்துவிடுவோம்" என்று தோன்றும். அழிக்கவேண்டாம். இரண்டும் ஒருவரே என்று இன்னோர் அட்டவணையில் இணைத்துக் குறியுங்கள். காரணம் இரண்டு.

முதற் காரணம், இரண்டு பதிவும் இரண்டு சாட்சி. ஒன்றில் திகதி இருக்கும், மற்றதில் கடைசியாகக் கண்ட இடம் இருக்கும்.

இரண்டாவது, எண்ணிக்கைக் கணக்கு. 2009 மே 17 முதல் 19 வரை, போரின் இறுதியில் இராணுவத்திடம் சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதைச் சர்வதேச உண்மை மற்றும் நீதிக்கான செயற்திட்டமும் மனித உரிமைகள் தரவுப் பகுப்பாய்வுக் குழுவும் 2018 டிசெம்பரில் மதிப்பிட்டன. ஏறக்குறைய 500 பேர் என்பது முடிவு. பட்டியல்களில் பெயர் வராதவர்களையும் சேர்த்து மதிப்பிடும் முறை அது. பட்டியல்கள் ஒன்றோடொன்று எவ்வளவு மேற்படுகின்றன என்பதுதான் அதன் அடிப்படை. ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். முதற் பட்டியலில் 100 பேர், இரண்டாவதில் 80 பேர், இரண்டிலும் இருப்போர் 40 பேர். இரண்டாம் பட்டியலில் உள்ளவர்களில் பாதிப் பேரை முதற் பட்டியல் பிடித்திருக்கிறது. அப்படியானால் மொத்தத்திலும் ஏறத்தாழப் பாதியைத்தான் அது பிடித்திருக்கும். மொத்தம் சுமார் 200. பெயர் தெரிந்தவர்கள் 140, எந்தப் பட்டியலிலும் வராதவர்கள் 60. பட்டியல்கள் ஒன்றையொன்று சாராதிருக்கவேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இதற்கு உண்டு. உண்மையான ஆய்வில் கணக்கு இதைவிடச் சிக்கலானது.

"துப்புரவாக்குகிறேன்" என்று இரட்டைப் பதிவுகளை அழித்து, மூலத்தையும் அழித்தால் கையில் மிஞ்சுவது 140 பெயர். 40 என்ற எண் போய்விட்டது. அதோடு, பெயர் சொல்ல ஆளில்லாமல் குடும்பமாக அழிந்த அந்த 60 பேரைக் கணக்கில் கொண்டுவரும் வழியும் போய்விட்டது.

இரட்டையைக் கண்டுபிடிப்பதிலும் கணினியை முழுதாக நம்பவேண்டாம். "பொ" என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், எழுத்தெழுத்தாக ஒப்பிடும் கணினிக்கு வேறு. முன்னெழுத்து ஓரிடத்தில் "செ." என்றும் இன்னோரிடத்தில் "எஸ்." என்றும் இருக்கும். இறுதி முடிவை ஊரை அறிந்த மனிதர் எடுக்கட்டும்.

யார் கையில்?

சரத்தை ஒட்டிக் கட்டளை கட்டும் எந்த முறையிலும் ஒரு வாசல் திறக்கிறது. ஊரின் பெயர் கேட்கும் இடத்தில் யாராவது ஒரு நாசக் கட்டளையைத் தட்டினால் அதுவும் சரத்தோடு ஒட்டி ஓடிவிடும். ஆகவே பெயர்களை மனிதர் தட்டும் பெட்டியில் இருந்து எடுக்காதீர்கள். கட்டுப்பாட்டு அட்டவணையில் இருந்து எடுத்து, அப்படி ஒரு தரவுத்தளமும் அட்டவணையும் உண்மையில் இருக்கின்றனவா என்று இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் பார்த்த பிறகே ஒட்டுங்கள். ஒவ்வொரு பெயரையும் விசைப்பலகையில் 1 க்கு இடப்பக்கம் உள்ள சாய்குறிகளுக்குள் அடையுங்கள். பிரதி செய்யும் கணக்குக்கு மூலத்தில் வாசிக்கும் உரிமை, பிரதியில் சேர்க்கும் உரிமை. அதற்கு மேல் வேண்டாம்.

இதைவிடப் பெரியது மனிதர் பற்றிய கவலை. பிரதிகள் கூடினால் தொலையும் அபாயம் குறையும், வெளியே கசியும் அபாயம் கூடும். சாட்சி சொன்னவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் தவறான கையில் விழுந்தால் என்னவாகும் என்பதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சாட்சிகளின் விபரங்களைத் தனித் தரவுத்தளத்தில் வையுங்கள். அது எல்லாப் பிரதியோடும் பயணம் செய்யக்கூடாது. பேனா வன்தட்டில் கொண்டுபோவதை மறைகுறியாக்கம் செய்யாமல் கொண்டுபோகாதீர்கள். மறைச்சொல்லை அதே பையில் எழுதிவைக்காதீர்கள். தங்கள் விபரம் வேறிடத்திலும் வைக்கப்படும் என்பதைக் குடும்பத்துக்குச் சொல்லிச் சம்மதம் கேளுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்பதுதான் முறை.

எத்தனையோ குடும்பங்கள் ஒரே கதையைச் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவுக்கும், 2013 இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவுக்கும், 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்துக்கும் மாறி மாறிச் சொல்லிக் களைத்துவிட்டன. 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை நிறைவேற்றிய 46/1 ஆம் தீர்மானம், சான்றுகளைச் சேகரித்துப் பாதுகாக்கும் பொறுப்பை மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகத்துக்குக் கொடுத்தது. அடுத்து எவர் வந்து கேட்டாலும் தாய்மார் மறுபடி முதலில் இருந்து சொல்லவேண்டியிராமல், குடும்பத்தின் சம்மதத்தோடு எடுத்துக்கொடுக்க ஊரிடம் சொந்தப் பதிவு இருக்கவேண்டும். அது மூலம் தெரிந்த, திகதியிட்ட, சரிபார்க்கப்பட்ட பதிவாக இருக்கவேண்டும்.

எண்ணிப் பார்த்துக் கையெழுத்து

பிரதி முடிந்ததும் ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வோர் அட்டவணைக்கும் மூலத்தில் எத்தனை வரி, பிரதியில் எத்தனை வரி என்று எண்ணி ஒரு பதிவேட்டு அட்டவணையில் எழுதுங்கள். இதையும் அதே இயங்குநிலைக் கட்டளை செய்யும். எண்கள் பொருந்தாவிட்டால் பரிவர்த்தனையைப் பின்வாங்குங்கள். எண் பொருந்தினால் மட்டும் போதாது. ஒவ்வோர் ஊரில் இருந்தும் பத்து வரிகளை எழுந்தமானமாக எடுத்து, மூலத்தோடு பக்கத்தில் வைத்துக் கண்ணால் வாசியுங்கள். பெயர் தமிழில் தெரிகிறதா, திகதியில் நாளும் மாதமும் இடம் மாறவில்லையா என்று பாருங்கள். அந்தப் பதிவேட்டை அச்செடுத்து, பிரதி செய்தவரும் ஊரின் சார்பில் ஒருவரும் கையெழுத்திட்டுக் கோவையில் வையுங்கள்.

ஓர் ஊர் மட்டும்தான், அட்டவணையும் நாலைந்துதான் என்றால் இவ்வளவு பாடும் வேண்டாம். மைஎஸ்கியூஎல்டம்ப் எடுத்த கோப்பை இரண்டு இடத்தில் வைத்தாலே போதும். இயங்குநிலை எஸ்கியூஎல் தேவைப்படுவது ஊர்கள் பலவாகி, அட்டவணைகள் பெருகி, படிவம் காலத்தோடு மாறும்போதுதான்.

எந்த வழியானாலும் பிரதிகளைப் பிரித்து வையுங்கள். ஒன்று ஊரில், ஒன்று மாவட்டத்துக்கு வெளியே, ஒன்று நாட்டுக்கு வெளியே நம்பிக்கையான உறவிடம். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தத் தூரத்துப் பிரதியை வெறும் கணினி ஒன்றில் மீட்டெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதியென்று கணக்கில் எடுக்கமுடியாது. உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எங்கள் பட்டியலுக்கு எத்தனை பிரதி, அவை யார் யாரிடம், கடைசியாக எப்போது திறந்து எண்ணிப் பார்த்தீர்கள்?